பெரிய கிராணியின் கைநாட்டு

"விரலை விடுங்கோ."

கதிரவேலு விடவில்லை. பெருவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களாலும் அதை இறுக்கி மூடி, கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிவிட்டார். கஞ்சிக் கரண்டியைப் பிடிக்க நாலு நாளாய்த் திராணியில்லாத கை அது. இதற்கு மட்டும் எங்கிருந்து பலம் வந்ததென்று இராசம்மாவுக்கு விளங்கவில்லை. அவள் கட்டில் விளிம்பில் முழங்காலை ஊன்றி அவருடைய சுண்டுவிரலைப் பிரித்தாள். மோதிரவிரலைப் பிரிப்பதற்குள் சுண்டுவிரல் மறுபடி மடங்கிக்கொண்டது.

"முத்துக்குமாரு, நீ மற்றக் கையைப் பிடி."

"அத்தானுக்கு நோகும் அக்கா."

"நோகட்டும். பதினாலு வருசமாய் எனக்கு நோகேல்லையோ?"

முத்துக்குமாரு அவளுடைய தம்பி. சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்தில் வேலை. கையில் பத்திரத்தோடு நின்றவன் கையைப் பிடிக்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்தேகால். அவன் பிடிக்க வேண்டிய பினாங்கு ரயில் நாலரைக்கு.

கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் ஊதா மைப்பெட்டி திறந்து கிடந்தது. சம்பள நாளில் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வரும் தோட்டத்துத் தொழிலாளர் முந்நூறு பேர் விரல் பதிக்கிற பெட்டி. ஆபீசிலிருந்து இரவல் வாங்கியது. பத்திரம் பினாங்கு புரோக்கர் அனுப்பியது. புக்கிட் மெராந்தி ரப்பர் கம்பெனியில் தன் பேரில் இருக்கும் அறுநூறு பங்குகளையும் இன்னாருக்கு மாற்றிக் கொடுக்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. அடியில் ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் கதிரவேலுவின் கையெழுத்து விழ வேண்டும். கையெழுத்துப் போட முடியாத நிலைமை என்றால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் அடையாளம் போதும் என்று புரோக்கர் சொல்லிவிட்டிருந்தார்.

"காய்ச்சல் விடட்டும்," என்றார் கதிரவேலு சுவரைப் பார்த்து. "வடிவாய்க் கையெழுத்துப் போடுறன்."

"காய்ச்சல் விடுகுதில்லையே!"

"நாளைக்கு விடும்."

நேற்றுப் பட்டணத்திலிருந்து வந்த டாக்டர் நாளையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. குயினைன் இனிக் கேட்காது, சொல்ல வேண்டிய சனத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்று இராசம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார். கான்வென்ட் போர்டிங்கில் படிக்கும் மகள் திலகத்தைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. பிள்ளை சாயந்தரத்துக்குள் வந்துவிடுவாள். பங்குப் பத்திரம் அதற்கு முன் போயாக வேண்டும்.

காலையில் ஒரு தடவை அவர் கையெழுத்துப் போடத்தான் பார்த்தார். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, மடியில் பலகை வைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். முதல் டிவிடெண்ட் வந்தபோது வாங்கிய தங்க மூக்குப் பேனாவையே எடுத்துக் கொடுத்தாள் இராசம்மா. ஆபீஸ் கணக்கெல்லாம் எழுதும் பெரிய கிராணி கதிரவேலுவின் கையெழுத்து தோட்டமெங்கும் பேர் போனது. முதலெழுத்தின் கால் நீண்டு, பின்னால் வருகிற எழுத்துக்களுக்கெல்லாம் அடியில் ஓடி, கடைசியில் ஒரு சுழி சுழித்து நிற்கும். துரை ஒருநாள் அதைப் பார்த்து விசிலடித்தாராம். அந்தக் கதையை இராசம்மா நூறு தடவை கேட்டிருக்கிறாள். இன்றைக்கு அந்தக் கால் ஓடவில்லை. பேனா கோட்டுக்கு மேலே போய், கீழே இறங்கி, புழு ஊர்ந்த தடம் போல ஒன்றைக் கீறிவிட்டு விரிப்பில் விழுந்தது.

முத்துக்குமாரு எடுத்துப் பார்த்து, "காணும் அத்தான், இது போதும்," என்றான்.

"எங்கை, கொண்டா பாப்பம்."

கதிரவேலு கண்ணாடியைச் சரிசெய்து, கிட்டப் பிடித்து, தூரப் பிடித்துப் பார்த்தார். ஆபீசில் மற்றவர்கள் எழுதிய கணக்கைப் பார்க்கிற அதே பார்வை.

"இது என்ரை கையெழுத்தில்லை," என்றார்.

சொன்னதோடு விட்டாரா? கரண்டி பிடிக்க முடியாத அந்தக் கைகளாலேயே பத்திரத்தை நடுவில் கிழித்துப் போட்டார். புரோக்கர் அனுப்பியது இரண்டே பத்திரம். இராசம்மா மிச்சப் பத்திரத்தைப் பறித்துத் தம்பியிடம் கொடுத்தது அப்போதுதான். அப்புறம்தான் மைப்பெட்டிக்கு ஆள் போனது.

மைப்பெட்டியைக் கண்டதும் மனுஷன் கட்டிலில் எழுந்து உட்காரவே பார்த்தார்.

"கைநாட்டோ? நானோ?"

"இப்ப அதுக்கென்ன?"

"நான் மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்சவன். பத்தொன்பது வருசமாய் இந்தத் தோட்டத்திலை பெரிய கிராணி. நான் என்ன கூலி ஆளோ, விரலை மையிலை தோய்க்க?"

மைப்பெட்டியைக் கொண்டுவந்த பழனியாண்டி கங்காணி விறாந்தையில்தான் நின்றான். நாற்பது பேரை மேய்க்கிற கங்காணி. அவன் காதில் விழவேண்டுமென்றே சொன்ன மாதிரி இருந்தது. இராசம்மாவுக்கு முகம் சுட்டது. வெளியே வந்து, "அவர் காய்ச்சலிலை என்னமோ பினாத்துறார் கங்காணி, மனசிலை வைக்காதையும்," என்றாள்.

"இதுல என்னாம்மா இருக்கு," என்றான் பழனியாண்டி. "நாங்க மாசா மாசம் வைக்கிறதுதான. சோப்பு போட்டுக் கழுவுனா போயிடும். ஐயாகிட்ட சொல்லுங்க, வலிக்காதுன்னு."

"நீரே சொல்லும்."

"அய்யய்யோ, நா சொல்ல மாட்டேன்மா. மை ஜாஸ்தியாப் போச்சுன்னு அந்தக் கையாலயே என் மண்டையில குட்டுனவரு."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாயிருந்தால். ரப்பர்ப் பால் எடுக்க வேண்டிய நேரத்தில் அவன் வேலைக்காட்டுக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

பங்கு என்றால் என்னவென்று இராசம்மாவுக்கு முதன்முதல் பங்கு வாங்கியபோதே கதிரவேலு விளக்கியிருந்தார். ஒரு கம்பெனியை ஆயிரமாயிரம் துண்டாக்கி விற்பார்கள். துண்டை வாங்கியவன் அந்தத் துண்டளவுக்கு முதலாளி. வருஷக் கடைசியில் லாபம் வந்தால் துண்டுக்கு இவ்வளவென்று பிரித்துத் தருவார்கள், அதுதான் டிவிடெண்ட். துண்டை இன்னொருவனுக்கு விற்கலாம். வாங்க ஆள் நிறைய வந்தால் விலை ஏறும், விற்க ஆள் நிறைய வந்தால் இறங்கும். "நான் இந்தத் தோட்டத்திலை சம்பளக்காரன் மட்டுமில்லை இராசம், முதலாளியும்தான்," என்பார். முதலாளி வீட்டு அடுப்படிக் கூரை மழைக்கு ஒழுகுது என்பாள் இவள்.

அந்த முதலாளி உத்தியோகம் லேசில் கிடைத்ததில்லை. பெரிய யுத்தம் முடிந்து ரப்பர் விலை உச்சத்தில் நின்றபோது, எல்லாரும் வாங்குகிறார்கள் என்று சேமிப்பையெல்லாம் போட்டு இருநூறு பங்கு வாங்கினார், பங்கு ஒன்று மூன்று வெள்ளிக்கு, அதாவது மூன்று டாலருக்கு. அந்த வருஷமே விலை குப்புற விழுந்தது. தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மூன்று வெள்ளிப் பங்கு அறுபது காசுக்கு வந்தது. யாராயிருந்தாலும் அதோடு கும்பிடு போட்டிருப்பார்கள். இவர் என்ன செய்தார்? இராசம்மாவின் அட்டியலையும் இரண்டு சோடி காப்பையும் வாங்கிக்கொண்டு பினாங்குக்குப் போய், அறுபது காசுக்கு இன்னும் நானூறு வாங்கிக்கொண்டு வந்தார். அவள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அதைவிட எரிச்சலான விஷயம், அவர் செய்தது சரியாய்ப் போனது. வெள்ளைக்காரன் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டான். விலை ஒரு வெள்ளி ஆனது, இரண்டு ஆனது, இந்த 1925 கார்த்திகையில் நாலு வெள்ளி எண்பதில் வந்து நின்றது. தபாலில் பேப்பர் வரும்போதெல்லாம் கதிரவேலு விலையை உரக்க வாசித்துவிட்டு அவளுடைய வெறும் கழுத்தை ஒரு பார்வை பார்ப்பார். அட்டியலைத் திருப்பி வாங்கித் தரலாமே என்று கேட்டால், "இப்ப வித்தால் மடைத்தனம். ஐஞ்சு வரும்," என்பார்.

பதினொரு மணிக்கு டிரெசர் அரியரத்தினம் வந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன். இரண்டாவது சாட்சி அவன்தான். கதிரவேலுவின் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். பாதியில் குனிந்து அவர் காதுக்குள் கேட்டான்:

"அண்ணை, என்ரை நூறு பங்கையும் வைச்சிருக்கட்டோ, விக்கட்டோ?"

"தம்பி, நீர் நாடியைப் பாரும்," என்றாள் இராசம்மா.

ஆனால் கதிரவேலு கண்ணைத் திறந்துவிட்டார். கஞ்சிக்குத் திறக்காத கண், திருநீறு பூசியபோது திறக்காத கண், பங்கு என்றதும் திறந்துகொண்டது.

"அரியரத்தினம், நல்லாய்க் கேள். எங்கடை மரம் மாசியிலை இலை உதிர்க்குதோ, இல்லையோ?"

"உதிர்க்குது அண்ணை."

"பால் குறையுதோ?"

"குறையுது."

"அதுக்காக மரத்தைத் தறிக்கிறமோ?"

"இல்லை."

"அவ்வளவுதான் பங்குச் சந்தை. உதிரும், பேந்து தளிர்க்கும். தளிர்த்து நிக்கேக்கை எல்லாரும் கெட்டிக்காரர், ஓடிவந்து காசு குடுத்து வேண்டுவினம். உதிரேக்கை பயந்து விப்பினம். நீ உதிரேக்கை வேண்டு." மூச்சு வாங்கியது. "நான் அப்பிடித்தான் வேண்டினனான்."

"முதல் இருநூறை எப்ப வேண்டினனீங்கள்?" என்றாள் இராசம்மா.

கதிரவேலு கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

"மரம் மாசியிலை உதிர்க்கும் எண்டு எனக்கும் தெரியும், கட்டி நிக்கிற மாட்டுக்கும் தெரியும். உங்கடை பங்கு எந்த மாசம் உதிர்க்கும்? சொல்லுங்கோ பாப்பம்."

"அதை ஆர் சொல்லேலும்?"

"அப்ப இலை இருக்கேக்கையே வித்திட்டுப் போறதுதானே! இறங்கினால் இப்ப வித்தால் நட்டம் எண்டுறியள். ஏறினால் இன்னும் ஏறும் எண்டுறியள். விக்கிற நாள் எது? பஞ்சாங்கத்திலை போட்டுக் கிடக்கோ?"

அரியரத்தினம் சிரித்துவிட்டான். பிறகு நோயாளி வீடு என்று ஞாபகம் வந்து இருமினான்.

"விக்கிறன் எண்டுதானே சொன்னனான்," என்றார் கதிரவேலு. குரல் இறங்கிவிட்டது. "திங்கக்கிழமை சொன்னனான்."

அது உண்மை. திங்கட்கிழமை ராச்சாப்பாட்டுக்குப் பிறகு, "சரி, வித்து அந்த வீட்டை வேண்டுவம்," என்று அவராகத்தான் சொன்னார். பதினாலு வருஷத்தில் அவள் சொல்லி அவர் கேட்ட முதல் காரியம். புரோக்கருக்கு எழுதச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது.

வீடு சுங்கைப் பட்டாணியில், கான்வென்டுக்கு அடுத்த தெருவில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் ஒரு கிணறு. சொந்தக்காரர் ஒரு தவுக்கே, சீன முதலாளி. வருகிற திங்கட்கிழமை வரை வேறு ஆளுக்குக் கொடுப்பதில்லை என்று முத்துக்குமாருவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பங்கு விற்ற பணத்தில் வீடும் வாங்கலாம், திலகத்தின் படிப்பையும் முடிக்கலாம். இராசம்மா அந்த வீட்டை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். அடுப்படி ஜன்னல் கிழக்குப் பார்த்து இருந்ததையும், கூரையில் ஓட்டை இல்லாததையும் பார்த்துக்கொண்டாள்.

இப்போது இருக்கிற வீடு கம்பெனியுடையது. கிராணி இருக்கும்வரை குவார்ட்டர்ஸ். கிராணி போனால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அப்புறம் அவளும் பிள்ளையும் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறி, கதிரவேலுவின் தமையன் வீட்டில் போய் நிற்க வேண்டியதுதான். அந்த வீட்டில் அவள் கலியாணமான புதிதில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறாள். மச்சாள் தேங்காய்களை எண்ணி அறைக்குள் பூட்டி வைப்பாள். ஒரு தேங்காய் துருவுவதற்கு வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். திலகம் அங்கே போய் நிற்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை.

இதையெல்லாம் முத்துக்குமாரு அடுப்படியில் வைத்துத் திரும்பவும் ஒருதரம் சொன்னான், அவளுக்குத் தெரியாதது மாதிரி.

"பத்திரம் சீவனோடை இருக்கிற ஆளுக்குத்தான் அக்கா. அத்தான் கண்ணை மூடினால் பங்கெல்லாம் அப்பிடியே கட்டுப்பட்டுப்போம். அலோர் ஸ்டார் கோர்ட்டிலை மனுப் போடவேணும். ஊரிலை இருந்து பெரியத்தான் தனக்கும் பங்கிருக்கெண்டு வருவார். ஒரு வருசம் எடுக்கும், ஒண்டரை வருசமும் எடுக்கும். அதுக்குள்ளை விலை எங்கை நிக்குமோ ஆருக்குத் தெரியும்?"

"தெரியும், தெரியும். சும்மா அதையே ஓதாதை."

"இல்லை, நாளைக்குச் சனிக்கிழமை. மத்தியானத்தோடை புரோக்கர் பூட்டிப்போடுவார்."

"உனக்கும் அவருக்கும் எனக்குப் பாடம் எடுக்கிறதுதான் வேலை. அவரின்ரை விரலை நிமித்த உங்களிலை ஒருத்தருக்கும் வக்கில்லை."

பன்னிரண்டு மணிக்கு இரண்டாங் கிராணியின் மனைவி பிரேமாவதி கஞ்சி கொண்டுவந்தாள். பெரிய கிராணி போனால் அந்த வேலை அவள் புருஷனுக்கு. கட்டிலருகே நின்று கொஞ்சம் கண்ணைத் துடைத்தாள். பாத்திரத்தை வைக்க அடுப்படிக்குள் வந்தவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"மழைக்கு இஞ்சாலையும் ஒழுகுமோ அக்கா?"

இராசம்மா அவளை நன்றாகப் பார்த்தாள். "ஒழுகும்," என்றாள். "அடுப்புக்கு மேலையே ஒழுகும். பாம்பும் வரும்."

பிரேமாவதி பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இராசம்மா அந்தக் கஞ்சியைத் தொடவில்லை. தானே புதிதாய் அரிசி போட்டு உலையில் வைத்தாள்.

மத்தியானம் இன்னும் இரண்டு தடவை முயற்சி நடந்தது. முதல் தடவை முத்துக்குமாரு நயமாய்ப் பேசிப் பார்த்தான். ஆபீசில் துரைமார்கூட விரல் பதிக்கிறார்கள், இங்கிலாந்தில் இப்போது அதுதான் நாகரிகம் என்று ஒரு புளுகு விட்டான். "எந்தத் துரை? பேர் சொல்லு," என்றார் கதிரவேலு. அவனுக்குச் சட்டென்று ஒரு துரை பேரும் வாயில் வரவில்லை. இரண்டாம் தடவை அவர் அயர்ந்து கிடக்கிற நேரம் பார்த்து இராசம்மாவே பூனை மாதிரி போய்க் கையைத் தொட்டாள். தொட்டதுதான் தாமதம், பெருவிரல் உள்ளே போய்விட்டது. கண் மூடியபடியே இருந்தது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு மாதிரி ஒன்று. அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மைப்பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பாள், ஆபீஸ் சாமானாய் இல்லாவிட்டால்.

"நான் ஆருக்காக இப்பிடிக் கெஞ்சுறன்?" என்றாள். "எனக்கோ? உங்கடை பிள்ளை மச்சாளிட்டைத் தேங்காய்க்கு நிக்கவேணுமோ? உங்களுக்கு உங்கடை எழுத்துத்தான் பெரிசு. சுழி சுழிக்காட்டில் உங்களுக்குச் சீவன் போகாது!"

கடைசிச் சொல் வாயை விட்டு வெளியே போன பிறகுதான் அவளுக்குக் கேட்டது. முத்துக்குமாரு மெல்ல நழுவிப் பின்பக்கம் சுருட்டுப் பிடிக்கப் போனான்.

அவள் துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போட்டாள். துணி உடனே சூடானது. திரும்ப நனைத்தாள். மணி இரண்டு ஐம்பது.

"இராசம்."

"என்ன?"

"இண்டைக்கு என்ன விலை?"

"பேப்பர் வரேல்லை. நேத்தையான் விலைதான். நாலு எண்பது."

"பாத்தியோ," என்றார். "நீ அண்டைக்கு ஒரு மாசம் பேசாமல் இருந்தனி."

கவனித்துத்தான் இருந்திருக்கிறார், மனுஷன்.

"இப்ப அதுக்கென்ன? விரலைத் தாருங்கோ."

"நாளைக்கு. கை நடுக்கம் நிண்டிடும். நீயே பாத்து, வடிவாய் இருக்கெண்டு சொல்லுவாய்." நாக்கால் உதட்டைத் தடவினார். "கஞ்சி கிடக்கோ?"

நாலு நாளில் முதல்தடவையாகக் கஞ்சி கேட்கிறார். இராசம்மா துணியை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். சோறு குழைந்திருந்தது. மசித்து, வடித்து, உப்புப் போட்டு, ஆற்றுவதற்காக இரண்டு பாத்திரத்தில் மாறி மாறி ஊற்றினாள். கஞ்சி குடித்தால் தெம்பு வரும், தெம்பு வந்தால் மனுஷன் நாலரைக்குள் கையெழுத்தே போட்டாலும் போடுவார் என்று ஒரு நினைப்பு ஓடியது. கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கதிரவேலுவின் முகம் கூரைப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. விரல்கள் விரிந்திருந்தன.

"கஞ்சி," என்றாள்.

பிறகு கோப்பையை முக்காலியில் மைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். தம்பியைக் கூப்பிட்டாள். இரண்டாம் தரம் கூப்பிட்டாள்.

முத்துக்குமாரு வந்து மூக்கில் புறங்கையை வைத்துப் பார்த்தான். நெஞ்சில் காதை வைத்தான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. அதைத் தோளில் துடைத்துக்கொண்டான். போய் விறாந்தைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

"அக்கா, அழாதை."

அவள் அழவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள்.

"இப்ப அழாதை. நான் சொல்லுறதைக் கேள். நீ சத்தம் போட்டால் லயத்துச் சனம் முழுக்க ஓடிவரும், எத்தினை மணிக்கெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சுபோம். ஒரு நிமிசம் பொறு." அவன் பத்திரத்தை எடுத்துப் பலகையில் விரித்தான். "அரியரத்தினம் ஒண்டும் கேக்க மாட்டான். அவன்ரை நூறு பங்கும் இந்தக் கம்பெனியிலைதான் கிடக்குது, அவனும் அத்தான்ரை வாயைப் பாத்து வேண்டினவன். சாட்சி போடுவான். அத்தான் நாலு மணிக்குப் போனவர் எண்டு சொன்னால் ஆர் இல்லையெண்டு சொல்லப் போறான்? கை இன்னும் சூடாய்த்தானே கிடக்குது."

"ம்."

"திலகத்தை நினை."

"ம்."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவளே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டையில்லாத கூரை, கிழக்குப் பார்த்த ஜன்னல், பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தே போய்வரும் திலகம். பத்து மணியிலிருந்து அவள் கேட்டதெல்லாம் இந்தக் கை ஒரு தரம் விரிய வேண்டும் என்பதுதான். விரிந்துவிட்டது.

இராசம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். மைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். தொங்கிய கையை எடுத்தாள். அது கனமாயிருந்தது, ஆனால் கூடவே வந்தது. பெருவிரலைத் தனியே பிடித்தாள். நகம் வழக்கம்போல ஒட்ட வெட்டியிருந்தது. எழுதி எழுதி நடுவிரலில் காய்த்த தழும்பு அவள் உள்ளங்கையில் பட்டது.

அவள் காத்திருந்தாள். எதற்கென்று அவளுக்கே முதலில் தெரியவில்லை.

"கெதியாய் அக்கா," என்றான் முத்துக்குமாரு.

பெருவிரலை மைக்கு நேரே கொண்டுபோனாள். அது போனது. அரை அங்குலம் மேலே பிடித்து நிறுத்தினாள். அது நின்றது. ஒரு இழுப்பு இல்லை, ஒரு முறுக்கு இல்லை. சொன்னபடி கேட்கிற விரல். இவ்வளவு நேரமும் மல்லுக்கட்டிய ஆள் எங்கே போனார்?

"மடக்குங்கோ," என்றாள் மெல்ல.

"என்ன அக்கா?"

அவள் தம்பிக்குச் சொல்லவில்லை. "மடக்குங்கோவன்," என்றாள் இன்னொரு தரம்.

வெளியே பழனியாண்டி படியிலிருந்து எழுந்து வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது கேட்டது. "கெராணியம்மா? ஐயாவுக்கு ஏதாச்சும் வேணுமா?" என்றான். முத்துக்குமாரு உதட்டில் விரலை வைத்து அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

இராசம்மா மைப்பெட்டியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அவருடைய பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள். சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக அதன்மேல் மூடினாள். நான்கும் விரியப் பார்த்தன. தன் இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி ஒப்பாரி வைத்தாள்.

முத்துக்குமாரு பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போய்க் கதவைத் திறந்துவிட்டான்.